இந்தியாவும் மலேசியாவும் மோதினால் மலேசியத் தமிழர்கள் யார் பக்கம்? உங்களுக்கு நாட்டுப்பற்று உண்டா?

எல்லோருக்காகவும் என்னால் சொல்ல முடியாது. என் கதை இது.

2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி இறுதியாட்டத்தை ஈப்போவில் ஒரு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்து பார்த்தேன். பாதி ஆட்டம் முடிந்தபோது மலேசியா 3-1 என்று முன்னணியில். சென்னையில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் சத்தமே இல்லை. அப்புறம் இந்தியா அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டு, கடைசியில் 4-3. உடனே செய்தி வந்தது: "தம்பி, ஜெயிச்சுட்டோம்!" எனக்குத் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய தேநீர், தொண்டையில் இறங்கவில்லை. பக்கத்து மேசை மலாய்க்காரர் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார். நானும் கொட்டினேன்.

சரி, அதே ஊரில் தேர்தல் நேரத்தில் யாராவது எங்களைப் 'பெண்டாத்தாங்', அதாவது வந்தேறி என்று பேசினால் வயிறு எரியும். பற்று இல்லாதவனுக்கு இந்த எரிச்சல் ஏன் வரப்போகிறது?

என் பாட்டியைத்தான் சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 1957-இல் சுதந்திரம் கிடைத்தபோது, அதற்கு முன்பே இங்கே பிறந்திருந்த பலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவருக்கு அதை யார் எடுத்துச் சொன்னார்கள்? பிறப்புப் பத்திரமும் இல்லை. பிற்பாடு ஏறி இறங்கிய அலுவலகங்களில் அதையேதான் கேட்டார்கள். கடைசிவரை அவர் கையில் இருந்தது நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி, அதாவது அடையாள அட்டை. ஓட்டு கிடையாது. பேரப்பிள்ளைகள் எங்கள் எல்லோருக்கும் குடிமக்களுக்கான நீலம்.

ஆனால் எங்கள் சுதந்திர தின மாதமான ஆகஸ்ட் பிறந்தால் வாசலில் கொடி கட்டச் சொல்வது அவர்தான். "பெறை மேல இருக்கணும், தலகீழா கட்டிப்புடாத" என்று நாற்காலி போட்டு மேற்பார்வை வேறு. செப்டம்பர் 16, மலேசியா தினம் முடிந்ததும் துவைத்து, மடித்து, தன் சேலைகளுக்கு நடுவே வைத்துக்கொள்வார். தாத்தாவுக்கு 'ஊர்' என்றால் சேலம். பாட்டிக்கு அந்தத் தோட்டம்தான்.

2013 பொதுத்தேர்தலில்தான் முதன்முறையாக விரலில் மை வைத்தார்கள். (கழுவினால் போகிறது என்று பெரிய ரகளை ஆனது வேறு கதை.) பாட்டியும் நல்ல சேலை கட்டிக்கொண்டு எங்களோடு பள்ளிக்கூடம் வரை வந்து, வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் ஓட்டுப் போட்டுவிட்டு வந்ததும் என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எத்தன நாளைக்குய்யா இருக்கும்?"