வீடியோவும் ஹெட் மிரரும்

வணக்கம் சார்,

எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடம் படிக்கிறேன். இ.என்.டி.யில் லெக்சர் ரொம்பக் குறைந்துவிட்டது. முந்தின நாள் வாட்ஸப்பில் வீடியோ வரும். பார்த்துவிட்டுப் போனால் வகுப்பில் கேள்வி, குரூப் டிஸ்கஷன். “இதற்கு யூட்யூப் போதுமே, ஃபீஸ் எதற்கு?” என்கிறார் அப்பா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ச.

அன்புள்ள ச.,

அப்பா கேட்பது நியாயம்தான். ஆனால் லெக்சர் குறைந்ததற்கு ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. 2019 பேட்சிலிருந்து வந்த பாடத்திட்டப்படி, லெக்சர் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மிச்ச நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் படித்த காலத்தில் காது ஆபரேஷன் என்றால் தியேட்டரில் பதினைந்து பேர் சுற்றி நிற்போம். பேராசிரியர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய பச்சை கவுனின் முதுகு. நடுக்காதில் இருக்கும் ஸ்டேப்பிஸ் என்ற குட்டி எலும்பின் உயரமே மூன்று மில்லிமீட்டர் சொச்சம். எட்டி எட்டிப் பார்த்து அதில் என்ன கற்றிருப்போம்? இன்று அதே காட்சியைப் போனில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறீர்கள். எனக்குப் பொறாமைதான்.

காது, மூக்கு, தொண்டைக்குள் வெளிச்சத்தைத் திருப்ப தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட் மிரர் கதை வேறு. நோயாளியின் தோளுக்குப் பின்னால் புல்ஸ் லாம்ப் என்ற விளக்கு, உங்கள் கண்ணுக்கு முன்னால் நடுவில் ஓட்டை போட்ட குழி ஆடி. பத்து வீடியோ பார்த்துவிட்டு வந்தாலும் முதல் நாள் வெளிச்சம் நோயாளியின் கன்னத்தில்தான் விழும். கழுத்து பழக வேண்டும். எனக்கு இரண்டு வாரம் ஆனது. நர்ஸம்மா சிரித்தது இன்னும் மறக்கவில்லை.

கேட்கும் திறனைச் சோதிக்கத் தட்டி ஒலிக்கவிடும் ட்யூனிங் ஃபோர்க், வீடியோவில் கற்பதற்கும் கையால் பழகுவதற்கும் நடுவில். மற்ற டெஸ்டுகளில் ‘நெகட்டிவ்’ என்றால் நிம்மதி, ஃபோர்க்கைக் காதருகிலும் காதுக்குப் பின்னால் எலும்பிலும் வைத்து ஒப்பிடும் ரின்னி டெஸ்டில் நெகட்டிவ் என்றால் கோளாறு. ஃபோர்க்கை நெற்றியில் வைக்கும் வெபர் டெஸ்ட் இன்னும் குழப்பும். 512 ஹெர்ட்ஸ் ஃபோர்க்கைத் தட்டி நெற்றி நடுவில் வைத்து, ஒரு காதை விரலால் அடைத்துப் பாருங்கள். சத்தம் அடைத்த காதுக்குத்தான் போகும்! போர்டில் எழுதியபோது சும்மா தலையாட்டிய பிள்ளைகள், இதைச் செய்ததும் “ஏன் சார்?” என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு கண்டக்டிவ் லாஸ், அதாவது சத்தம் உள்காதுக்குப் போகும் வழியில் தடை இருப்பதால் வரும் கேட்புக் குறை, பத்து நிமிடப் பாடம்.

ஃபோர்க்கும் ஹெட் மிரரும் உங்கள் கைக்கு வருகிறதா? வந்தால் ஃபீஸ் வீணில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். வெறும் கேள்வி பதிலிலேயே மணியடித்துவிடுகிறது என்றால் அப்பா பக்கம்தான் நியாயம். ஆசிரியரிடமே பக்குவமாகக் கேளுங்கள்; ஆசிரியர்களான எங்களில் பலருக்கு இப்படி நடத்த யாரும் சொல்லித்தந்ததில்லை.

அதுவரை, ஓ.பி.யில் கூட்டம் குறைந்ததும் போய் நில்லுங்கள். நோயாளியிடம் கேட்டுவிட்டு, பி.ஜி. (மேற்படிப்பு) டாக்டர் ஒருவரைக் காட்டச் சொல்லி நார்மல் காதுகளாகவே முதலில் பாருங்கள். செவிப்பறையின் கீழ்ப்பக்கம், முன்புறமாக, முக்கோணமாக ஒரு வெளிச்சம் மின்னும். அது கண்ணில் பட்ட அன்று எனக்கு எழுதுங்கள்.