சம்பளம் இல்லாத ஓராண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்வான மேக்ஸ்வெல் ஃப்ராஸ்ட், அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் போன்ற இளைஞர்கள் ஊபர் ஓட்டினேன், மதுக்கூடத்தில் வேலை பார்த்தேன் என்று சொல்வது விளம்பரம்தானே? பணமில்லாதவர் அங்கே எப்படிப் போட்டியிட முடியும்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அது ஓட்டுக்கு உதவியது உண்மைதான். ஆனால் ஃப்ராஸ்ட் ஊபர் ஓட்டியது பிரச்சாரம் நடந்துகொண்டிருந்தபோது, வயிற்றுப்பாட்டுக்காக.

நுழைவதற்கே செலவு உண்டு. புளோரிடாவில் கட்சி வேட்பாளர் கட்ட வேண்டியது 10,440 டாலர். இல்லையென்றால் ஆயிரக்கணக்கில் கையெழுத்து திரட்ட வேண்டும். நியூயார்க்கில் கட்டணம் இல்லை, தன் கட்சியில் பதிவுசெய்த 1,250 தொகுதி வாக்காளர்களின் கையெழுத்து போதும். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் ஒவ்வொரு தாளையும் துருவுவார்கள். தொகுதிக்கு வெளியே குடியிருப்பவர், வேறு கட்சிக்காரர், முன்பே இன்னொரு வேட்பாளருக்குக் கையெழுத்திட்டவர் என்று அடித்துக்கொண்டே வருவார்கள். அதனால் இரண்டு மூன்று மடங்கு வாங்கி வைப்பது வழக்கம்.

இதையெல்லாம் தன்னார்வலர்களைக் கொண்டு சமாளித்துவிடலாம். ஓராண்டுக்கு மேல் சம்பளமில்லாமல் வீட்டு வாடகை கட்டுவதுதான் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளை விரட்டுகிறது.

தேர்தல் நிதியிலிருந்து வேட்பாளர் தனக்குச் சம்பளம் எடுக்க 2002 முதலே அனுமதி உண்டு. ஆனால் 2024 வரை, மாநிலத்தின் வேட்புமனுக் கடைசி நாளுக்குப் பிறகுதான் எடுக்க முடிந்தது. முந்தைய ஆண்டு சம்பாதித்ததைத் தாண்டவும் கூடாது என்றிருந்தது. ஃப்ராஸ்ட் களமிறங்கியது 2021-இல். புளோரிடாவின் கடைசி நாளோ 2022 ஜூன் நடுவில், கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் ஆகஸ்ட் 23. கடினமான மாதங்கள் முழுக்க விதிக்கு வெளியே நின்றன.

2024 மார்ச்சில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, வேட்பாளராகப் பதிவுசெய்த நாளிலிருந்தே எடுக்கலாம். உறுப்பினர் சம்பளமான 1,74,000 டாலரில் பாதி, அல்லது அவர் வருமானம் ஈட்டிய கடைசி ஐந்தாண்டுகளின் சராசரி, இவற்றில் எது குறைவோ அதுவே வரம்பு. வெளியே சம்பாதிப்பது அதில் கழியும். நல்ல திருத்தம், ஆனால் அரைகுறை: குறைந்த கூலிக்கு உழைத்தவருக்குச் சராசரியும் குறைவாகத்தானே இருக்கும். நிதி திரளாவிட்டால் அதுவும் இல்லை. நன்கொடைப் பணத்தில் சாப்பிடுகிறார் என்று எதிராளி ஏசுவாரோ என அஞ்சி எடுக்காமல் விடுபவர்களும் உண்டு. கூச்சப்படாமல் எடுக்க வேண்டும் என்பேன்.

வென்ற பிறகும் ஜனவரி 3 வரை உறுப்பினர் சம்பளம் தொடங்காது. 2022 டிசம்பரில், எம்.பி.யாகத் தேர்வாகியிருந்த ஃப்ராஸ்டுக்கு வாஷிங்டனில் வாடகை வீடு மறுக்கப்பட்டது. பிரச்சாரக் காலத்தில் ஏறிய கடனால் அவருடைய கடன் மதிப்பெண் சரிந்திருந்தது.

ஏழ்மை மட்டுமே தகுதியாகிவிடாது. ஒகாசியோ-கோர்டெஸ் கல்லூரிக் காலத்தில் செனட்டர் டெட் கென்னடியின் அலுவலகத்தில், குடியேற்றத் துறையினரால் பிடிக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடமிருந்து வந்த ஸ்பானிய அழைப்புகளைக் கவனித்தார். ஃப்ராஸ்ட் பள்ளி வயதிலேயே துப்பாக்கி வன்முறைக்கு எதிராக இயங்கத் தொடங்கியவர். ஒரு வேட்பாளரைப் பற்றி நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இந்த வேலையைத்தான்.