மூன்றாம் நாளிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் சபையில் வாரம் ஒரு மணி நேரம் கிறிஸ்தவ அடிப்படைகளைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பத்துப் பேர் வருகிறார்கள். பாதிப் பேர் கிறிஸ்தவ நம்பிக்கையின் சுருக்க அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள். ஒரு வரிக்குப் பொருள் கேட்டால் தயங்குகிறார்கள். மீதிப் பேர் சந்தேகத்தோடு வருகிறவர்கள். "மூன்று எப்படி ஒன்றாகும்?", "நிசேயாவில் ஓட்டுப் போட்டுத்தானே இயேசுவைக் கடவுளாக்கினார்கள்?", "மன்னிக்க நினைத்த கடவுள் நேரடியாக மன்னித்திருக்கலாமே, ஒருவரைச் சாகடிப்பானேன்?" என்று கேட்கிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்திலிருந்து நான் தொடங்கினேன். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி உவமையைச் சொன்னேன். முதல் வாரமே வகுப்பு வாக்குவாதமாகிவிட்டது. எதிலிருந்து தொடங்கலாம்? சந்தேகம் உள்ளவர்களையும் விசுவாசப் பிரமாணத்தைச் சேர்ந்து சொல்லச் சொல்லலாமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

திரித்துவம் கிறிஸ்தவத்தின் அடித்தளம்தான். ஆனால் கிறிஸ்தவர்கள் அதை முதலில் கண்டடையவில்லை. முதலில் நடந்தது ஒரு கொலை. மூன்றாம் நாளில் அந்தக் கொலையுண்டவரைக் கண்டோம் என்று சிலர் சொன்னார்கள். மற்ற எல்லாக் கோட்பாடும் அந்தச் செய்தி உண்மையென்றால் வேறு என்னென்ன உண்மையாக இருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து வந்தவை. வந்த வழியைக் காட்டாமல் முடிவை மட்டும் கையில் கொடுத்தால் அது கணக்குப் புதிராகத்தான் தெரியும். உங்கள் வகுப்பில் நடந்தது அதுதான்.

எனவே முதல் வாரம் அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 15ஆம் அதிகாரத்தைத் திறங்கள். முதல் இருபது வசனம் போதும். இந்த நிருபம் கி.பி. 50களின் நடுவில் எழுதப்பட்டது. சிலுவை மரணத்துக்கும் இதற்கும் இடைவெளி சுமார் 25 ஆண்டு. நான்கு சுவிசேஷங்களும் எழுதப்பட்டது இதற்குப் பிறகு என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. அங்கே பவுல் தன் சொந்தக் கருத்தைச் சொல்லவில்லை. தான் பெற்றுக்கொண்டதையே ஒப்புவித்ததாகச் சொல்கிறார்: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், கேபாவுக்குத் தரிசனமானார், பிறகு பன்னிருவருக்கு. அதாவது நிருபத்தைவிட அந்த வாசகம் பழையது. பேதுருவை, முதல் சீடர்கள் பேசிய அரமேய மொழிப் பெயரான கேபா என்று சொல்வதையும் கவனிக்கச் சொல்லுங்கள். தொடர்ந்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களைக் குறிப்பிட்டு, அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்றும் அவரே எழுதுகிறார். சந்தேகப்படுகிறவர்களுக்கு இந்த வசனத்தைக் கட்டாயம் காட்டுங்கள். இந்த மதம் எந்த இடத்தில் உடையும் என்பதை அதன் முதல் எழுத்தாளரே சுட்டிக்காட்டியிருக்கிறார்.

இங்கே நேர்மை மிக முக்கியம். பொந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. அவன் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது. திபேரியு ஆட்சியில் பிலாத்து கிறிஸ்துவுக்கு மரண தண்டனை கொடுத்ததை இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம வரலாற்றாசிரியர் தாசித்து எழுதுகிறார். கிறிஸ்தவர்களை அவருக்குப் பிடிக்காது. ஆக, சிலுவை மரணம் வரலாற்றில் நன்றாக ஊன்றி நிற்கிறது. அவரைப் பின்பற்றியவர்கள் அவரை உயிரோடு கண்டதாக உறுதியாக நம்பினார்கள் என்பதும் அப்படியே. ஆனால் அவர் உண்மையிலேயே எழுந்தார் என்பதை வரலாற்று ஆய்வு மட்டும் தீர்த்துவைக்காது. அங்கேதான் விசுவாசம் தொடங்குகிறது. நிரூபித்துவிட்டேன் என்று வகுப்பில் சொல்லாதீர்கள். கல்லறைக்குப் போன பெண்களின் பெயர்ப்பட்டியல் நான்கு சுவிசேஷங்களிலும் ஒன்றுபோல் இல்லை. மாற்குவில் மூவர், மத்தேயுவில் இருவர், லூக்காவில் யோவன்னாளும் வேறு சிலரும், யோவானில் மகதலேனா மரியாள் மட்டும். இதை நீங்களே முதலில் எடுத்துக் காட்டுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால், நீங்கள் ஒளித்துவைத்ததாக நினைப்பார்கள்.

அடுத்த இரண்டு வாரம் மாற்கு சுவிசேஷம். பதினாறே அதிகாரங்கள், ஆளுக்கொரு பகுதியாகச் சத்தமாக வாசித்தால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். விளக்கம் சொல்லாதீர்கள். வாசித்து முடித்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: இவர் தன்னை யாரென்று நினைத்து இப்படி நடந்துகொள்கிறார்? இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனின் பாவத்தை மன்னிக்கிறார். கடவுள் ஒருவரே தவிர பாவத்தை மன்னிக்கத்தக்கவர் யார் என்று அங்கிருந்த யூத வேத அறிஞர்களான வேதபாரகர்கள் யோசிக்கிறார்கள். அவர்களுடைய கேள்வி சரியானது. திரித்துவக் கோட்பாட்டின் விதை அந்தக் கேள்விதான்.

நான்காம் வாரம் நிசேயா. கி.பி. 325இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் அந்த நகரில் கூட்டிய ஆயர்களின் சங்கம். அங்கே இயேசு கடவுளா மனிதரா என்று ஓட்டெடுப்பு நடக்கவில்லை. அதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே, கி.பி. 112 வாக்கில், பித்தினியாவின் ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாடுகிறார்கள் என்று பேரரசர் திராயானுக்கு எழுதிவிட்டார். கிறிஸ்துவைத் தேவனுடைய ரூபமாயிருந்தவர் என்று சொல்லும், பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் அதற்கும் முந்தியது. நிசேயாவில் எழுந்த சிக்கல் வேறு. அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியு, குமாரன் மிக உயர்ந்தவர், ஆனாலும் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று உண்டு என்று போதித்தார். சங்கம் அதை மறுத்து, குமாரன் பிதாவோடே 'ஒரே தன்மையுடையவர்' என்று எழுதியது. கடைசிவரை ஒப்பமிட மறுத்த ஆயர்கள் இருவர்தான். அதோடும் பிரச்சினை முடியவில்லை. பேரரசர்கள் மாற மாறக் காற்றும் மாறியது. நிசேயாவின் பக்கம் நின்ற அத்தனாசியு ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தில்தான் இது நிலைபெற்றது. ஒரு நாள் ஓட்டெடுப்பில் கடவுளாக்கிவிட்டார்கள் என்ற கதை இந்த ஐம்பத்தாறு ஆண்டுப் போராட்டத்துக்குப் பொருந்தவே இல்லை. வேதாகமப் புத்தகங்களையும் நிசேயாதான் தேர்ந்தெடுத்தது என்பார்கள். அதுவும் தவறு. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்றிருக்கும்படி அப்படியே பட்டியலிட்டு நமக்குக் கிடைக்கும் முதல் ஆவணம் அத்தனாசியு 367இல் எழுதிய கடிதம்.

'ஒரே தன்மை' என்ற ஒரு சொல்லுக்காக இவ்வளவு போராட்டம் ஏன்? உங்கள் மாணவரின் மூன்றாம் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. குமாரன் ஒரு படைப்பு என்று வையுங்கள். அப்போது சிலுவையில் நடந்தது என்ன? கோபமாயிருந்த கடவுள், குற்றமில்லாத மூன்றாம் நபர் ஒருவரைப் பிடித்துத் தண்டித்துவிட்டு நம்மை விட்டுவிட்டார். உங்கள் மாணவர் அருவருப்பது இதைத்தான். அவர் அருவருப்பது சரி. திருச்சபையும் அதை மறுத்தது. குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவரென்றால் சிலுவையில் கடவுள் வேறொருவரை அனுப்பிவைக்கவில்லை, தாமே வந்தார். தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று பவுல் எழுதுவது இந்தப் பொருளில்தான். மன்னிப்பு என்றால் என்ன என்று யோசிக்கச் சொல்லுங்கள். கடனை மன்னிக்கிறவர் அந்த இழப்பைத் தாமே ஏற்கிறார். கடன் காற்றில் கரைவதில்லை. யாரோ ஒருவர் கணக்கில் அது விழுந்தே தீரும். சிலுவையில் கடவுள் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொண்டார். திரித்துவத்தைச் சிலுவையிலிருந்து பிரித்துச் சொன்னால் திரித்துவம் புதிராகிறது, சிலுவை கொடூரமாகிறது. சேர்த்துச் சொன்னால்தான் இரண்டும் புரியும்.

அந்த மரணம் எப்படி நம்மை மீட்கிறது என்பதற்கு எந்த விசுவாசப் பிரமாணமும் ஒரே விளக்கத்தை விதிக்கவில்லை. நிசேயா அறிக்கை 'நமக்காக' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. மரணத்தின்மேல் பெற்ற வெற்றி என்று பழைய கிழக்குச் சபைகள் அழுத்தின. கடவுளின் மாண்புக்குச் செலுத்தப்பட்ட ஈடு என்று 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறையியலாளர் அன்செல்ம் விளக்கினார். நம் தண்டனையை ஏற்றார் என்பதை 16ஆம் நூற்றாண்டின் சபைச் சீர்திருத்தவாதிகள் முன்வைத்தார்கள். வேதத்தில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஒன்றை மட்டும் சொல்லி அதுதான் கிறிஸ்தவம் என்று முடித்துவிடாதீர்கள்.

உவமைகளுக்கு வருகிறேன். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி உவமையைக் கைவிடுங்கள். ஒரே தண்ணீர் ஒருசமயம் இப்படி, ஒருசமயம் அப்படி என்றால், ஒரே கடவுள் மூன்று வேஷம் போடுகிறார் என்றாகிறது. சபெல்லியு என்பவரின் பெயரால் அறியப்படும் இந்தப் போதனையை மூன்றாம் நூற்றாண்டிலேயே திருச்சபை தள்ளிவிட்டது. ஒரே மனிதர் தகப்பனாகவும் கணவனாகவும் மகனாகவும் இருக்கிறார் என்பதிலும் இதே பிழைதான். இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் நதியில் குமாரன் தண்ணீரில் நிற்கிறார், ஆவியானவர் இறங்குகிறார், பிதாவின் குரல் கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில். கைதாகுமுன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு தமக்குத்தாமே ஜெபிக்கவில்லை. மாறாக, முட்டையின் ஓடு, வெள்ளை, மஞ்சள் என்று சொன்னால் ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு கடவுளாகிவிடும். சூரியனும் அதன் ஒளியும் என்ற பழைய உவமை இவற்றைவிட மேல். 'ஒளியிலிருந்து ஒளி' என்று நிசேயா அறிக்கையிலேயே இருக்கிறது. ஆனாலும் ஒளிக்கதிர் யாரையும் நேசிக்காது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மூன்று ஆட்கள் என்ற சொல்லும் நம்மைத் தடுக்கிவிழ வைக்கும். தமிழில் ஆள் என்றால் தனித்தனி உடம்பு, தனித்தனி மனம். உடனே மூன்று கடவுள் என்று தோன்றிவிடும். நான்காம் நூற்றாண்டில் ஆயர்களான பசிலியு, இரண்டு கிரகோரிகள் ஆகியோர் சொன்னது இது: கடவுள் 'என்ன' என்று கேட்டால் விடை ஒன்று; 'யார்' என்று கேட்டால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. ஒன்று என்பதும் மூன்று என்பதும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல. ஆகவே முரண்பாடு இல்லை. மர்மம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆலயத்தில் வளர்ந்தவர்களிடம் திருத்த வேண்டியவை வேறு. முதலாவது, விசுவாசம் என்ற சொல். அவர்கள் அதை 'உண்டென்று ஒத்துக்கொள்வது' என்று புரிந்துவைத்திருப்பார்கள். நம் பேச்சுத் தமிழ் இங்கே கைகொடுக்கிறது: நாய் விசுவாசமாக இருக்கிறது என்கிறோமே, அந்தப் பொருளும் இதில் உண்டு. புதிய ஏற்பாட்டில் விசுவாசம் என்று மொழிபெயர்க்கப்படும் 'பிஸ்திஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலும் நம்புவது, சார்ந்திருப்பது, உண்மையாயிருப்பது எல்லாம் அடங்கும். கடவுள் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் விசுவாசிக்கின்றன என்று யாக்கோபு எழுதியதை வாசித்துக் காட்டுங்கள்.

இரண்டாவது, கிருபை. நல்லது செய்தால் கடவுள் ஏற்றுக்கொள்வார் என்று மனப்பாடக்காரர்களில் பலர் உள்ளூர நம்புகிறார்கள். எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் எட்டு முதல் பத்து வரை மூன்று வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். ஒன்பதில் நிறுத்துவதுதான் வழக்கமான பிழை. கிருபையினால் இரட்சிப்பு, கிரியைகளினால் அல்ல, ஆனால் நற்கிரியைகளுக்காகவே படைக்கப்பட்டோம். வரிசை மாறக்கூடாது. 16ஆம் நூற்றாண்டில் மேற்குச் சபை பிளந்ததற்கு இந்த வரிசை பற்றிய சண்டை பெரிய காரணம். 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதன் அடிப்படைகளில் ஒத்துப்போவதாகக் கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன.

மூன்றாவது, செத்தபின் ஆத்துமா பரலோகம் போவதே கிறிஸ்தவ நம்பிக்கை என்று நினைப்பது. வாரந்தோறும் அவர்கள் வாயால் சொல்வது 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்று. உடம்பு கழற்றி எறிய வேண்டிய சட்டை அல்ல; கடவுள் படைத்ததை அவர் கைவிடுவதில்லை. முதல் வாரம் வாசித்த அதே 15ஆம் அதிகாரத்தின் பின்பாதிக்கு இங்கே திரும்புங்கள்.

கிறிஸ்துவை அறியாதவர்களின் கதி பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அவர் உயிரோடிருக்கிறவர்களையும் மரித்தவர்களையும் நியாயந்தீர்க்க வருவார் என்பதே விசுவாசப் பிரமாணம் சொல்வது. யார் யார் தள்ளப்படுவார்கள் என்ற பட்டியல் அதில் இல்லை. நானே வழி என்ற யோவான் 14ஐயும், எல்லா மனிதரும் இரட்சிக்கப்பட அவர் விரும்புகிறார் என்ற முதலாம் தீமோத்தேயு 2ஐயும் அருகருகே வையுங்கள். சபைகள் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, சந்தேகம் உள்ளவர்களைச் சேர்ந்து சொல்லச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். வற்புறுத்தாதீர்கள். அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் ஆளுக்கு ஒரு வரியாகப் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் சொன்னது என்பது பின்னால் வந்த கதை. ஞானஸ்நானம் பெறுகிறவரிடம் பிதாவை, குமாரனை, ஆவியை விசுவாசிக்கிறாயா என்று மூன்று கேள்வி கேட்ட வழக்கத்திலிருந்து வளர்ந்ததே அந்த அறிக்கை. 'விசுவாசிக்கிறேன்' என்பது தண்ணீரில் நின்று தன் உயிரை ஒப்புக்கொடுப்பவரின் பதில். அதை அரைமனதோடு ஒருவர் வாயில் திணிக்கக்கூடாது. மற்றவர்கள் சொல்லும்போது அவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும். அதற்காக அவர்களை வெளியாட்களாகவும் நடத்தாதீர்கள். மத்தேயு கடைசி அதிகாரத்தின் 17ஆம் வசனத்தில், உயிர்த்தெழுந்தவரைக் கண்ணெதிரே கண்டு பணிந்தபோதும் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்றிருக்கிறது. அடுத்த வசனங்களில் இயேசு, போய் எல்லா ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்கிறார். சந்தேகப்பட்டவர்களைத் தனியே பிரித்து நிறுத்தியதாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.