சார்மெய்ன் ஜேம்ஸும் மூன்று பீப்பாய்களும்: கேட்டவர்களுக்குப் பதில்

ரோடியோ என்பது முரட்டுக் குதிரை ஏறுவது, கயிறு வீசுவது போன்றவை நடக்கும் அமெரிக்க மாட்டுக்காரர் போட்டி. அதில் குதிரை மேல் பீப்பாய்களைச் சுற்றும் ஓட்டத்தில் உலகப் பட்டம் வென்றவர் சார்மெய்ன் ஜேம்ஸ், அவருடைய குதிரை ஸ்கேம்பர்.

கேள்வி: ரோடியோவில் பெண்களுக்குப் பீப்பாயைச் சுற்றுவது மட்டும்தானா? முரட்டுக் குதிரை எல்லாம் ஆண்களுக்கா?

முன்பு அப்படி இல்லை. 1920களில் பெண்களும் முரட்டுக் குதிரை ஏறினார்கள். ஆனால் அவர்களுக்கு மட்டும் கால் வைக்கும் இரண்டு அங்கவடிகளையும் குதிரையின் வயிற்றுக்கு அடியில் சேர்த்துக் கட்டிவிடுவது வழக்கம். 1929இல் ஆரிகன் மாநிலம் பெண்டில்டனில் பானி மெக்கரோல் என்ற வீராங்கனைக்கு அதில் கால் சிக்கி, இழுபட்டு, சில நாளில் உயிரே போனது. அப்படிக் கட்டும் வழக்கத்தை அல்லவா நிறுத்தியிருக்க வேண்டும்? பெண்களுக்கான போட்டியை நிறுத்தினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. 1948இல் டெக்சஸ் சான் ஏஞ்சலோவில் 38 பெண்கள் கூடித் தங்களுக்கென்று சங்கம் வைத்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியது.

கேள்வி: பீப்பாய் ஓட்டத்துக்கு விதி என்ன?

மூன்று பீப்பாய், மூன்றையும் சுற்றிவிட்டு வாசலுக்குப் பாய வேண்டும். ஒன்று சாய்ந்தால் 5 விநாடி கூடும். வெற்றி தோல்வி விநாடியில் நூறில் ஒரு பங்கில் முடிகிற ஆட்டத்தில் 5 விநாடி என்றால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

கேள்வி: ஸ்கேம்பர் என்ன விலை?

1,100 டாலர். மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள், இதற்குமேல் வேண்டாம்.

கேள்வி: ஓடுவது குதிரைதானே? சார்மெய்ன் ஜேம்ஸ் சும்மா உட்கார்ந்திருந்தார். இதற்கு என்ன புகழ்?

சரி, இதற்கு விரிவாகவே சொல்கிறேன். நியூ மெக்சிகோவின் கிளேட்டன் ஊர்ப் பெண், 1984இல் 14 வயதில் உலகப் பட்டம், அதிலிருந்து 1993 வரை வருடம் தவறாமல் பத்துப் பட்டம், பத்தும் ஸ்கேம்பர் மேல்தான். 1985 தேசிய இறுதிப் போட்டியில் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே கடிவாளம் கழன்று தொங்கியது. கையில் பிடிமானமே இல்லாமல் மூன்று பீப்பாயையும் சுற்றி அந்தச் சுற்றை ஜெயித்தார்கள். உடல் சாய்வையும் கால் அழுத்தத்தையும் குதிரைக்கு அத்தனை நாள் பழக்கியது யார்?

கேள்வி (அதே நபர்): அதுவும் குதிரையின் அறிவுதான்!

ஸ்கேம்பரின் அறிவை நான் மறுக்கவே இல்லை, 1996இல் ரோடியோ புகழ் மண்டபத்தில் சேர்ந்த குதிரை அது. ஆனால் 2002இல் குரூசர் என்ற வேறு குதிரையில் 11ஆவது பட்டம் வாங்கினாரே, அதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? குதிரை மாறியது, ஆள் மாறவில்லை.

கேள்வி: கயிறு வீசும் போட்டியில் பெண்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். பிரேக்அவே ரோப்பிங், அதாவது ஓடும் கன்றின் கழுத்தில் கயிறு வீசியதும் கயிறு சேணத்திலிருந்து விடுபட்டுவிடும் போட்டி. 2020இல் அதற்கும் தேசிய இறுதி வந்துவிட்டது.

கேள்வி: என் குதிரைக்கு முன்னங்கால் வீக்கம், ஓட்டலாமா?

கால்நடை மருத்துவரிடம் போங்கள். இன்றே.

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. ஓட்டம் பழக ஆரம்பித்திருக்கிறாள். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஏறும் முன் கடிவாளத்தின் வார், திருகாணி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விரலால் இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும். ஸ்கேம்பர் கடிவாளம் இல்லாமலும் ஓடியது. உங்கள் குதிரை ஓடாது.