நாடு மாறியது, என் தொகுதி மாறவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 46 வயது. இந்தத் தேர்தலில் நாடு முழுக்க நான் நம்பிய கட்சி ஜெயித்து, ஆட்சியும் மாறிவிட்டது. எங்கள் தொகுதியில் மட்டும் அதே பழைய உறுப்பினர் மறுபடியும் வந்துவிட்டார். எங்கள் பகுதி மருத்துவமனைக்கு இரவு நேரத்தில் ஒரு டாக்டர் போடச் சொல்லி எத்தனையோ முறை கேட்டும் அசையாதவர். அவரை மாற்றத்தான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பாதி எண்ணிக்கை வரை எங்கள் வேட்பாளர்தான் முன்னிலை. அப்புறம் சரிந்தது.

"நம்ம கட்சிதானே ஆட்சிக்கு வந்திருக்கு, நீ ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்கிறார் கணவர். தெருவில் யாரைப் பார்த்தாலும், 'இவர் யாருக்குப் போட்டிருப்பார்' என்றே மனசு கேட்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, "என் வீட்டுக்காரர் தவறினப்போ அந்த உறுப்பினர் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாரும்மா, எப்படி மாத்திப் போடுவேன்?" என்றார். அன்றிலிருந்து அவரிடம் பேசவே பிடிக்கவில்லை. ராத்திரி தூக்கமில்லாமல் வாக்கு விவரங்களையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

சுற்றியிருப்பவர்கள் எல்லாம் கொண்டாடும்போது தனியாகத் துக்கப்படுவது கொடுமை. தோற்ற கட்சிக்காரர்களுக்காவது சேர்ந்து புலம்ப ஆள் உண்டு. உங்களுக்கு அதுவும் இல்லை. கணவர் கட்சியின் வெற்றியைப் பார்க்கிறார்; உங்கள் கைவிட்டுப் போனது அந்த இரவு நேர டாக்டர். இதை அவரிடம் இப்படியே சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார்.

பாதி வரை முன்னிலையில் இருந்ததும் வலியைக் கூட்டியிருக்கும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்களே மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாதபோது, 'இன்னும் நாலு வீடு போயிருந்தால்' என்று மனம் அதையே சுற்றும். ராத்திரியில் வாக்கு விவரங்களில் நீங்கள் தேடுவது அந்த நாலு வீட்டைத்தான். அது அங்கே கிடைக்காது. படுக்கப் போகும்போது போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

அந்த அக்கா விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அவர் உங்கள் டாக்டர் கோரிக்கைக்கு எதிராக வாக்களிக்கவில்லை. புருஷனை இழந்த நாளில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு நன்றி சொன்னார், அவ்வளவுதான். நாடே ஒரு பக்கம் சாய்ந்தாலும் சில உறுப்பினர்கள் தப்பித்துவிடுவது இப்படிப்பட்ட பழக்கத்தால்தான். 2020ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், அதிபர் பதவிக்கு ஜோ பைடனுக்கு அதிக வாக்குகளைத் தந்தது. அதே நாளில் செனட்டுக்கு, எதிரணியில் 1997 முதல் அந்தப் பதவியில் இருந்த சூசன் காலின்ஸையே மறுபடி அனுப்பியது. ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு பக்கமும் போட்டவர்கள் அங்கே ஏராளம். அவர்கள் யாரும் பக்கத்து வீட்டுக்காரரைப் பழிவாங்கப் போடவில்லை.

அதனால் அக்காவிடம் போய்ப் பேசுங்கள். ஓட்டைப் பற்றி வேண்டாம், ராத்திரியில் டாக்டர் இல்லாத கஷ்டத்தைப் பற்றிப் பேசுங்கள். அந்தக் கஷ்டம் அவருக்கும் இருக்கும். ஆட்சி இப்போது உங்கள் கட்சியிடம், தொகுதி அந்தப் பழைய உறுப்பினரிடம். மனு எழுதி இரண்டு இடத்துக்கும் கொடுங்கள். அவரிடம் போக மனம் கூசும், தெரியும். ஆனாலும் அவர் உங்களுக்கும்தான் உறுப்பினர்.

இந்த வருத்தம் இப்படியே நீடிக்கும் என்று பயப்படாதீர்கள். 1994ல் டெக்சாஸ் ஆளுநர் தேர்தலில் ஆன் ரிச்சர்ட்ஸ் ஜார்ஜ் புஷ்ஷிடம் தோற்றார். அவர் தோற்றால் ஒரு மாதம் கழித்தும் மனம் நொந்திருப்போம் என்று அவருடைய ஆதரவாளர்கள் முன்கூட்டியே நினைத்திருந்தார்கள். உளவியலாளர் டேனியல் கில்பர்ட் குழுவினர் ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது, அவர்கள் நினைத்த அளவு வருத்தம் இல்லை. உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் சரியாகவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள்.