கால் கடுக்க நிற்க வேண்டாம்!

கேள்வி: அலுவலகத்தில் உயரம் மாற்றும் மேசை கொடுத்திருக்கிறார்கள். முதுகுவலிக்கு நல்லதென்று காலை முழுவதும் நின்றே வேலை பார்க்கிறேன். இப்போது முதுகோடு குதிகாலும் வலிக்கிறது. என் உயரம் 160 செ.மீ.
- வாசகி, பங்சார் சவுத், கோலாலம்பூர்

பதில்: காலை முழுவதும் நிற்பதுதான் கோளாறு. ஆடாமல் அசையாமல் நின்றால் கெண்டைக்கால் தசைக்கு வேலை இல்லை. கால் இரத்தம் மேலேறத் திணறி, கணுக்கால் வீங்கும், இடுப்பு இறுகும். அரை மணி நேரத்தில் 20 நிமிடம் உட்கார்ந்து, 8 நிமிடம் நின்று, 2 நிமிடம் நடக்கச் சொல்கிறார் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஹெட்ஜ். உங்களுக்கு இப்போதைக்கு இதுவே போதும். வேலை நேரத்தில் நிற்பதும் நடப்பதுமாக முதலில் 2 மணி நேரம், போகப்போக 4 மணி நேரம் என்று பிரிட்டிஷ் நிபுணர் குழு ஒன்று 2015இல் பரிந்துரைத்தது. அது நாள் முழுவதும் துண்டுதுண்டாகச் சேர வேண்டிய நேரம்.

மேசை உயரத்தையும் பாருங்கள். அலுவலகக் காலணியோடு நின்று, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குச் சுமார் 100 செ.மீ. வரும். கீபோர்டு அந்த மட்டத்தில், அல்லது ஓரிரு செ.மீ. கீழே இருக்கட்டும். மேசை உயர்ந்தால் தோள் தூக்கிக் கழுத்துப் பிடிக்கும். தாழ்ந்தால் கூன் விழும். பலரும் கோட்டை விடுவது திரையில்தான். உட்காரும்போது உடம்பு சற்றுச் சரிந்திருக்கும். எழுந்து நிமிர்ந்ததும் அதே திரை தாழ்வாகிவிடும். நிற்கும்போது அதைச் சில செ.மீ. உயர்த்தி, மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பைஃபோகல் கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னும் கீழே இருக்கலாம்.

குதிகாலுக்கு: கெட்டித் தரையில் மெல்லிய சிலிப்பரோடு நிற்காதீர்கள். 2 செ.மீ. தடிமனில் ரப்பர் விரிப்பு போடுங்கள். 10–15 செ.மீ. உயரப் பலகை ஒன்றில் கால் மாற்றிக் கால் வையுங்கள். சில வாரங்களில் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் அப்படி மேசை கிடையாது. மதியம் நாசி கண்டார் சாப்பிட்டதும் கண் சொருகுகிறது.
- வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: மேசையைவிட நடைக்கே பலன் அதிகம். அரை மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் நடந்தவர்களுக்கு, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் குறைந்ததை 2023இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. 11 பேரே கலந்துகொண்ட சிறிய ஆய்வு என்றாலும், செலவில்லாத வழி, செய்து பாருங்கள். வெயிலில் இறங்க வேண்டாம், மாடித் தாழ்வாரமே போதும். நின்று வேலை பார்க்கவென்று பெட்டிமேல் லேப்டாப்பைத் தூக்கி வைத்து அதிலேயே தட்டாதீர்கள், மணிக்கட்டு போய்விடும். தனி கீபோர்டு அவசியம்.

கேள்வி: நின்றால் எடை குறையுமா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: குறையாது. உட்காருவதைவிட மணிக்குச் சுமார் 9 கலோரிதான் கூடுதலாகச் செலவாகும். வாரம் 150 நிமிடமாவது வேக நடை தனியாக வேண்டும். பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் படியேறுவதும் அதில் சேரும்.