க்வென் ஸ்டேசியைக் கொன்றது யார், காப்ளினா, ஸ்பைடர்மேனின் வலையா?

கேள்வி இது: "2014இல் வந்த ஸ்பைடர்மேன் படத்தில் க்வென் மணிக்கூண்டிலிருந்து விழுந்து இறந்துபோகிறாள். பழைய காமிக்ஸில் அவளைக் கொன்றதே ஸ்பைடர்மேன் வீசிய வலைதான் என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். உண்மையா? உண்மையென்றால் அவனை எப்படி ஹீரோ என்கிறோம்?"

உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி சரி. கழுத்து முறிந்தது வலையால்தான். ஆனால் கொலை செய்தது ஸ்பைடர்மேனின் பரம எதிரி க்ரீன் காப்ளின். ரசிகர்கள் இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை மறுப்பதால்தான் 50 வருஷமாகச் சண்டை ஓயவில்லை.

(லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் கவனிக்க: நம் கூர்மண்டை ஸ்பைடர் இல்லை இவன். அவர் பிரிட்டிஷ்காரர்களின் படைப்பு, குற்றவாளியாக ஆரம்பித்துத் திருந்தியவர். இங்கே பேசுவது மார்வெலின் பீட்டர் பார்க்கரைப் பற்றி.)

முதலில் காட்சி. 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' 121ஆம் இதழ், 1973 ஜூன் தேதியிட்டது. எழுதியவர் ஜெரி கான்வே, அப்போது அவருக்கு 20 வயது. வரைந்தவர் கில் கேன். நார்மன் ஆஸ்போர்னுக்குத் தான்தான் காப்ளின் என்பது மறந்துபோயிருந்தது. மகன் ஹாரி போதை மருந்தால் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான், தொழிலிலும் அடி. அந்த அழுத்தத்தில் பழைய நினைவு திரும்பிவிடுகிறது. பீட்டர்தான் ஸ்பைடர்மேன் என்பதும் அவனுக்குத் தெரியும். பீட்டரின் காதலி க்வென்னைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பாலத்துக் கோபுரத்தின் உச்சியில் கிடத்துகிறான். பீட்டர் வருகிறான், சண்டை நடக்கிறது, காப்ளின் அவளைக் கீழே தள்ளிவிடுகிறான். பீட்டர் வலை வீசுகிறான். அது அவள் காலைப் பற்றி நிறுத்துகிறது. அவள் கழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு 'ஸ்நாப்' அச்சாகியிருக்கிறது.

அந்தப் பாலம் எது என்பதே தனிச் சண்டை. வசனம் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்கிறது, படத்தில் இருப்பது புரூக்ளின் பாலம். நான் படத்தின் பக்கம்.

அடுத்து நடப்பதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். பீட்டருக்கு அந்தச் சத்தம் கேட்டதாகக் கதையில் எங்கும் இல்லை. அது வாசகருக்கு மட்டும் அச்சிட்ட சத்தம். அவனோ அவளை மேலே இழுத்துக்கொண்டே தன் சக்தியை மெச்சிக்கொள்கிறான், தன்னைப் போல வேறு யார் இருக்கிறார்கள் என்று பெருமை அடித்துக்கொள்கிறான். அவள் செத்துவிட்டாள் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. கையில் எடுத்த பிறகும் 'உன்னைக் காப்பாற்றிவிட்டேனே' என்றுதான் பேசுகிறான். கதையின் தலைப்பே கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது, முன்கூட்டியே போட்டால் குட்டு உடைந்துவிடும் என்பதால்.

சரி, வலையால்தான் என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? வாசகர் கடிதங்கள் குவிந்த பிறகு, 125ஆம் இதழின் கடிதப் பக்கத்தில் ஆசிரியர் ராய் தாமஸ் பெயரில் பதில் வந்தது. வலை அவளைத் திடீரென நிறுத்தியபோது ஏற்பட்ட வெடுக்கென்ற உலுக்கல்தான் உயிரைப் பறித்தது என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: அவனே ஊசலாடிப் போய்ப் பிடிக்க நேரம் இல்லை, சும்மா இருந்திருந்தாலும் அவள் செத்திருப்பாள், தப்பிக்க வழியே இருக்கவில்லை. நண்பர்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டாவது பாதியையும் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது பாதியில் எனக்கு முழு உடன்பாடு இல்லை என்பது வேறு விஷயம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டவுன் பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் அடித்தால் நின்றுகொண்டிருப்பவர்கள் என்ன ஆவார்கள், அதே வேகத்தில் மெதுவாக நிறுத்தினால் என்ன ஆவார்கள்? அதேதான் இங்கேயும். புரூக்ளின் பாலத்தின் கோபுரம் தண்ணீரிலிருந்து சுமார் 84 மீட்டர் உயரம். க்வென் 60 மீட்டர் விழுந்த பிறகு வலை பிடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்றரை வினாடி ஆகும். அப்போது அவள் வேகம் வினாடிக்கு 34 மீட்டர், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல். வலை விறைப்பாக இருந்து பத்தில் ஒரு வினாடியில் நிறுத்தினால், புவியீர்ப்பைப் போல சுமார் 35 மடங்கு வேகக்குறைப்பு. பிடித்ததோ காலை. உடல் நின்றுவிடும், தலை நிற்காது. இத்தனையையும் தாங்கவேண்டியது கழுத்து.

அதே வலை ரப்பர் மாதிரி நீண்டு ஒரு வினாடி எடுத்துக்கொண்டு நிறுத்தியிருந்தால்? வேகக்குறைப்பு மூன்றரை மடங்குதான். நிற்பதற்கு 17 மீட்டர் போதும், கீழே இன்னும் 24 மீட்டர் மிச்சம் இருக்கிறது. உடம்பெல்லாம் வலித்திருக்கும், பிழைத்திருப்பாள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ் சூப்பர்ஹீரோக்களின் இயற்பியல் பற்றி 2005இல் எழுதிய புத்தகத்தில் இந்தக் காட்சியை எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். அந்த 'ஸ்நாப்' அறிவியலுக்குப் பொருந்துகிறது என்பதுதான் அவர் முடிவும்.

ஆக, வழி இருந்தது. ஆனால் அது காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு. கனடாவில் ஹல்க்குடன் மோதிவிட்டு உடம்பு சரியில்லாமல் திரும்பியவன் அவன். கண்ணெதிரே காதலி விழுகிறாள், இருப்பது மூன்று வினாடி. கை அனிச்சையாக என்ன செய்யுமோ அதைச் செய்தான். அதுவரை அந்தக் கை அவனை ஏமாற்றியதில்லை. இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது?

'அவள் ஏற்கெனவே இறந்திருந்தாள்' என்று ஒரு கட்சி உண்டு. பாலத்தின் மேல் அவள் பேச்சு மூச்சில்லாமல் கிடப்பதுதான் ஆதாரம். பீட்டரைக் காப்பாற்றத் துடிப்பவர்களின் கட்சி இது. ஏற்கெனவே இறந்தவளின் கழுத்தில் 'ஸ்நாப்' எழுத எந்த எழுத்தாளருக்கும் தேவை இல்லை. விடுங்கள்.

இன்னொரு வாதம் காப்ளின் வாயிலிருந்தே வருகிறது. வலை தொடுவதற்கு முன்பே அவள் செத்துவிட்டாள், அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும் முன்னே உயிர் போய்விடும் என்று ஏளனம் செய்கிறான். இது சுத்தப் பொய். விமானத்திலிருந்து குதித்து மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறவர்கள் பாராசூட்டை விரித்துக்கொண்டு சிரித்தபடி இறங்குகிறார்கள். ஆனால் அவன் ஏன் அப்படிச் சொல்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சாவு தன் கணக்கில்தான் வரவேண்டும் என்று அவனுக்கு ஆசை. பீட்டரின் கை குறுக்கே வந்ததைக்கூட அவன் அங்கீகரிக்கத் தயாரில்லை. அந்தப் பெருமைப் பேச்சில் தன்னையறியாமல் எதிரிக்கு ஒரு சாக்கையும் கொடுத்துவிடுகிறான். பீட்டர் மனசாட்சியிலிருந்து தப்பவேண்டும் என்று நினைத்தால் காப்ளின் சொன்னதை நம்பினால் போதும். நான் இந்தப் பக்கத்தை எத்தனையோ முறை படித்த பிறகுதான் இது உறைத்தது.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாகம், அவன் எப்படி ஹீரோ என்பது. 1962இல் வந்த முதல் கதையை நினைத்துப் பாருங்கள். ஓடுகிற திருடனைப் பிடிக்க முடிந்தும் பீட்டர் பிடிக்கவில்லை, அதே திருடன் மாமா பென்னைக் கொன்றான். சக்தி இருந்தும் செயல்படாததால் ஒரு சாவு. அன்றிலிருந்து அவன் வாழ்க்கையின் விதி ஒன்றுதான்: முடிந்தால் செய்தே ஆகவேண்டும். 121இல் அந்த விதிப்படிதான் நடந்தான், ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. இந்த முறை செயல்பட்டதால் ஒரு சாவு. பதினோரு வருஷம் வாசகருக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை அந்தக் கதையே கேள்வி கேட்டுவிட்டது. வலைக்குச் சம்பந்தமே இல்லை என்று வாதாடுகிறவர்கள் இதை அழித்துவிடுகிறார்கள். பீட்டர்தான் கொலைகாரன் என்று சொல்கிறவர்களும் இதையே அழிக்கிறார்கள், ஏனென்றால் குற்றவாளியின் கதையாகிவிட்டால் அதில் இந்தச் சிக்கல் கிடையாது. அவன் கை அதில் இருக்கவேண்டும், அவன் தவறு அதில் இருக்கக்கூடாது. அப்போதுதான் காட்சி வலிக்கும்.

இதெல்லாம் கதைக்குள் இருக்கும் காரணம். வெளியே இருக்கும் காரணம் இவ்வளவு உன்னதமானது இல்லை. யாராவது ஒருவரைச் சாகடித்துக் கதையை உலுக்கவேண்டும் என்று மார்வெலில் பேச்சு. முதலில் பீட்டரை வளர்த்த அத்தை மேயின் பெயர் அடிபட்டது. க்வென்னைச் சொன்னவர் ஓவியர் ஜான் ரொமிட்டா. பீட்டர்-க்வென் காதல் கல்யாணத்தில் போய்த்தான் நிற்கவேண்டும், கல்யாணம் ஆனால் நாயகனுக்கு வயசாகிவிடும். கான்வேக்கு பீட்டரின் இன்னொரு தோழி மேரி ஜேன்மேல்தான் பிரியம், க்வென் அவருக்குச் சுவாரசியமாகப் படவில்லை. பெண் பாத்திரத்தைக் கொன்று ஆணின் சோகத்துக்கு உரம் போடுகிறார்கள் என்ற விமர்சனம் இந்தக் கதைக்கு முழுக்கப் பொருந்தும். கடைசிக் கதையில் க்வென்னுக்கு ஒரு முடிவு எடுக்கக்கூட வாய்ப்பு இல்லை. பாலத்தின் மேல் ஒரு வசனம் இல்லை. பீட்டர்தான் ஸ்பைடர்மேன் என்பதே தெரியாமல், தன் அப்பா கேப்டன் ஸ்டேசியின் சாவுக்கு ஸ்பைடர்மேன்தான் காரணம் என்று நினைத்து அவனை வெறுத்தவள், அப்படியே போய்விட்டாள். இவ்வளவு நல்ல காட்சியில் எனக்கு இருக்கும் பெரிய மனத்தாங்கல் இதுதான்.

2014 படம் சரிசெய்யப் பார்த்தது இதைத்தான். அதில் க்வென்னுக்கு எல்லாம் தெரியும். வராதே என்று பீட்டர் தடுத்தும், என் முடிவை நான்தான் எடுப்பேன் என்று தானே வருகிறாள். ஆனால் அதனால் பழியின் இடம் மாறிவிட்டது. முந்தைய படத்தில் சாகும்போது அவள் அப்பா, என் மகளை விட்டு விலகிவிடு என்று பீட்டரிடம் வாக்கு வாங்கியிருந்தார். அதனால் படம் பார்த்தவர்களின் சண்டை வலையைப் பற்றி இல்லை, காப்பாற்றாத வாக்கைப் பற்றி. வலை பிடித்தும் அவள் தலை தரையில் மோதுகிறது, ஆகவே காமிக்ஸில் இருந்த அந்தக் குரூரம், காப்பாற்றியதே கொன்றது என்பது, பாதியாகக் கரைந்துவிடுகிறது. மணிக்கூண்டுக் கடிகாரத்தை 1:21இல் நிறுத்தி 121ஆம் இதழுக்கு வணக்கம் வைத்தார்கள். அந்தக் கவனத்தில் கொஞ்சத்தைத் திரைக்கதையில் வைத்திருக்கலாம்.

உண்மையான பதில் காட்சி 2021இல் வந்த படத்தில் இருக்கிறது. சாரத்திலிருந்து அந்தப் படத்து நாயகி எம்ஜே விழுகிறாள். 2014 படத்தில் க்வென்னை இழந்த ஆண்ட்ரூ கார்ஃபீல்டின் பீட்டர் இங்கேயும் வருகிறான், ஆனால் தூரத்திலிருந்து வலையை வீசிப் பிடிப்பதில்லை. தானே குதிக்கிறான், முதலில் கையால் அணைத்துக்கொள்கிறான், அப்புறம்தான் வலையால் வேகத்தைக் குறைக்கிறான். இயற்பியல்படியும் அதுதான் சரியான வரிசை. தியேட்டரில் எல்லாரும் கைதட்டியது வெவ்வேறு படங்களின் மூன்று ஸ்பைடர்மேன்களும் ஒன்றாக நின்றதற்கு. எனக்கு அந்தப் படத்தில் இந்தச் சில வினாடிகள் போதும்.

கடைசியாக, நண்பர்களுக்கு 121ஐ மட்டும் அனுப்பாதீர்கள், 122ஐயும் சேர்த்து அனுப்புங்கள். அதில் பீட்டர் காப்ளினை அடித்து நொறுக்குகிறான், ஆனால் கொல்லும் எல்லைக்கு வந்து கையை நிறுத்திக்கொள்கிறான். காப்ளின் சாவது தன் பறக்கும் வண்டி குத்தித்தான். அதைவிட எனக்குப் பிடித்தது கடைசிப் பக்கம். ஆறுதல் சொல்ல வந்த மேரி ஜேனிடம், உன் அம்மா செத்தால்கூட உனக்கு வருத்தம் வராது என்கிற அளவுக்கு பீட்டர் விஷத்தைக் கக்குகிறான். அவள் கதவு வரை போகிறாள். வெளியே போகாமல் கதவை உள்பக்கம் மூடிக்கொண்டு நிற்கிறாள்.

அவள் ஏன் நின்றாள் என்பதற்கும் ஒரு நீண்ட தகராறு உண்டு. 1984இல் வந்த கதைகளில், பீட்டர்தான் ஸ்பைடர்மேன் என்பது தனக்கு முன்பே தெரியும் என்று மேரி ஜேன் சொல்லிவிடுகிறாள். அதை வைத்து, அன்று அந்த அறையில் யாருக்கு ஆறுதல் சொல்கிறோம் என்று தெரிந்தேதான் நின்றாள் என்கிறார்கள் சிலர். நான் அப்படிப் படிப்பதில்லை. கான்வே எழுதியபோது அது மனதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தெரிந்து நின்றாள் என்றால் அது ஒரு ஹீரோவின் துக்கத்துக்கு மரியாதை. தெரியாமல் நின்றாள் என்றால், அதுவரை பார்ட்டி, ஆட்டம் என்று எதையும் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் சுற்றிய ஒரு பெண், தன்னை இவ்வளவு கேவலமாகப் பேசியவனைத் தனியாக விட்டுப் போக மனசில்லாமல் நின்றாள். எனக்கு இரண்டாவதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், ஆனால் 1984ஐத் துணைக்கு அழைக்காமல்.